பெயரை மறந்தவர் வீடு திரும்பார்

(பசுவந்தனையில் தமிழன்பர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊரின் பெயரே அவ்வூரின் முதல் வரலாறு. ஆக்கள் வந்து வழிபட்ட இடமாதலின் இவ்வூர் பசுவந்தனை ஆயிற்று என்று கயிலாசநாதர் கோயிலைக் காட்டி ஊர்ப் பெரியோர் சொல்வர். பெயரின் பிற்பாதி வடசொல். எனினும் அதைச் சொன்னவுடன் கரிசற் காடும், மேய்ந்து திரும்பும் மாடும், அவற்றின் கழுத்து மணியோசையும் மனக்கண் முன் வந்து நிற்கின்றன. பெயர் என்பது ஒரு மக்களின் நினைவு. நினைவை இழந்த ஒருவனுக்கு அவன் வீட்டையே அடையாளம் தெரியாது. பெயர்களை இழந்த இனத்துக்கும் அதே நிலைதான்.

திரைப்படத்தைப் பற்றித் தமிழியக்க மேடையில் என்ன பேச்சு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். சுளிக்க வேண்டுவதில்லை. பருத்திக் காட்டில் பகலெல்லாம் குனிந்து நிற்கும் உழவனும், தீப்பெட்டித் தொழிற்கூடத்துக்குப் போய்வரும் பெண்ணும், ஆண்டு முழுதும் ஒரு நூலைத் தொடாமல் இருக்கலாம். ஆனால் அவர்கள் படம் பார்க்கிறார்கள். அரங்கில் பார்க்காதவர் கைப்பேசியில் பார்க்கிறார்கள். தமிழ்மக்கள் காதில் நாள்தோறும் விழும் தமிழில் பெரும்பங்கு திரைத் தமிழே. அந்தத் தமிழ் என்னவாகிறது என்று பாராதவர், தமிழ் என்னவாகிறது என்று பாராதவரே ஆவர்.

கோவிற்பட்டிக்குப் பேருந்தேறிப் போய்ப் படம் பார்த்துத் திரும்பும் பசுவந்தனைத் திரைச்சுவைஞன் ஒருவனை எடுத்துக்கொள்க. தேநீர்க் கடையில் அவனிடம், "படம் எப்படி?" என்று கேட்பார்கள். நடிப்பு எப்படி, பாட்டு எப்படி, சண்டை எப்படி என்று அவன் சொல்வான். அந்தப் படம் எந்த நிலத்தில் கால் ஊன்றி நிற்கிறது, எந்த மொழியில் தன்னைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறது என்னும் இரண்டை மட்டும் எவரும் கேட்பதில்லை. அவ்விரு வினாக்களைக் கொண்டு அண்மைக்காலக் கதைப்படங்களையும் ஆவணப்படங்களையும் அசைவூட்டுப் படங்களையும் அளந்து பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

கரிசல் நிலத்துக்கும் திரைக்கும் உள்ள உறவு பழையது. பாஞ்சாலங்குறிச்சி இங்கிருந்து தொலைவில் இல்லை. 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனின் கதை, 1959இல் பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' என்னும் படமாக வந்தது. சத்தி கிருட்டிணசாமி எழுதிய உரையாடலைச் சிவாசி கணேசன் முழங்கக் கேட்டு, எழுத்தறியாதவரும் அவ்வுரையாடலை மனப்பாடமாக ஒப்பித்தனர். ஆனால் அப்படத்தின் போர்க்காட்சிகள் பல எடுக்கப்பட்ட இடம் இராசத்தானத்துச் செய்ப்பூர். கட்டபொம்மன் வாயில் தமிழ் முழங்கிற்று; அவன் காலடியில் கரிசல் இல்லை.

அறுபது ஆண்டுகள் சென்றன. இன்று திரையில் கரிசலும் பொருநைக் கரையும் வந்துவிட்டன. கள்ளியும் முள்ளும், காட்டுப் பன்றியும் கழுதையும், தெருமுனைத் தெய்வமும் வந்துவிட்டன. இம்மாற்றத்தைச் செய்தவருள் முதன்மையாகச் சொல்லத்தக்கவர் தூத்துக்குடி மாவட்டத்துப் புளியங்குளத்தில் பிறந்த மாரி செல்வராசு.

அவருடைய முதற்படம் 'பரியேறும் பெருமாள்' (2018). கதைத்தலைவன் தமிழ்வழியில் படித்துத் தேறித் திருநெல்வேலிச் சட்டக் கல்லூரிக்கு வருகிறான். பாடம் ஆங்கிலத்தில் நடக்கிறது, அவனுக்கு விளங்கவில்லை. விளங்காமையை வெளிப்படச் சொன்னவன் எள்ளப்படுகிறான். தாய்மொழியில் கற்றமைக்காக ஒருவன் தன் சொந்த மண்ணில் தலைகுனிந்து நிற்கும் அக்காட்சி, தமிழ்வழிக் கல்விக்காக நடந்த எத்தனையோ கூட்டங்கள் செய்யாத வேலையைச் செய்தது. பார்த்தவர் நெஞ்சில் அது தைத்தது.

ஆயினும் தனித்தமிழ் பேசுவோர் அப்படத்தின் முன் நின்று ஒரு வினாவுக்கு விடை சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்தை அகற்றிவிட்டால் மட்டும் பரியன் அவ்வகுப்பில் தலைநிமிர்ந்து அமர்வானா? அமரான். அவனைச் சாதி சொல்லி அடித்தவனும் தமிழே பேசினான். திட்டியதும் தமிழில், கொல்லத் துணிந்ததும் தமிழில். சாதியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நாவில் மட்டும் தமிழை வைத்திருப்பவனைத் தமிழன் என்று எப்படிச் சொல்வது? தமிழ் ஒன்று, தமிழர் ஒன்று என்பது மேடை முழக்கமாக மட்டும் இருக்கும் வரை அப்படம் தமிழரைக் குற்றக் கூண்டில் நிறுத்திக்கொண்டே இருக்கும். அது நிறுத்தட்டும். அத்தகைய படமே வேண்டும்.

அடுத்து வந்தது 'கர்ணன்' (2021). பேருந்து நிற்காத ஒரு சிற்றூரின் கதை. 1995 ஆகத்து 31ஆம் நாள் இம்மாவட்டத்துக் கொடியன்குளத்தில் காவல்துறையினர் புகுந்து வீடுகளையும் உடைமைகளையும் பாழ்படுத்திய கொடுமையை அப்படம் நினைவூட்டுவதைக் கண்டவர் பலர். ஒரு பேருந்து நிறுத்தத்துக்காக ஓர் ஊர் போராட வேண்டியிருந்தது என்பதைக் கரிசல்மக்களுக்கு விளக்க வேண்டுவதில்லை. வெயிலில் கையை நீட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு அது தெரியும்.

அப்படத்திலும் திரைச்சுவைஞன் எழுப்ப வேண்டிய ஒரு குறை உண்டு. கதைத்தலைவன் கர்ணன், அவன் காதலி திரௌபதி, ஊர்த் தலைவர் துரியோதனன். வடவர் பெருங்கதையில் தோற்கடிக்கப்பட்டவர் பக்கம் நின்று பார்க்கும் இயக்குநரின் கருத்து விளங்குகிறது, அது பாராட்டத்தக்கதே. ஆனால் தோற்றவன் பெயரைக்கூட அயலான் கதையிலிருந்தா எடுக்க வேண்டும்? அதே படத்தில், சாலையோரத்தில் துணையின்றி உயிர்விட்ட சிறுமி காட்டுப்பேச்சி என்னும் தெய்வமாகி முகமூடியணிந்து உலவுகிறாள். படம் முடிந்த பின்னும் நெஞ்சைவிட்டு அகலாதவள் அவளே. கர்ணனுக்குக் கதை சொல்ல ஆயிரம் பேர் உண்டு. காட்டுப்பேச்சிக்குக் கரிசலைத் தவிர வேறு யார் உண்டு?

வாழைத்தார் சுமக்கும் சிறுவனின் கதையான 'வாழை' (2024), கூலியாட்களை ஏற்றிச் செல்லும் சரக்குந்தில் உயிர்விட்டவர்களின் உண்மை நிகழ்வைப் படமாக்கியது. பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளையின் கழுத்தில் தார் அழுத்தும்போது பார்ப்பவர் கழுத்தும் வலிக்கிறது. மதுரை மாவட்டத்து வறண்ட நிலத்தில் ஒரு தந்தையும் மகனும் வெயிலில் நடக்கும் நடையையே கதையாக்கிய வினோத்துராசின் 'கூழாங்கல்', 2021இல் இரோட்டர்டாம் படவிழாவில் புலிப் பரிசு பெற்றது. அவ்வாண்டு இந்தியாவின் சார்பில் ஆசுகர் பரிசுக்கும் அனுப்பப்பட்டது. அயலார்க்கு அவர்கள் மொழியில் பெயர்த்துச் சொல்லப்பட்டது. தமிழர்க்குக் கூழாங்கல்லாகவே வந்தது. அதுவே முறை.

இனித் தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006இல் தமிழக அரசு, தமிழில் பெயர் வைக்கும் படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு அளித்தது. உடனே என்ன நிகழ்ந்தது? 'சம்திங் சம்திங்' என்று தொடங்கிய பெயர் 'உனக்கும் எனக்கும்' ஆயிற்று. 'ஜில்லுனு' என்று தொடங்கியது, வடவெழுத்தை விட்டுச் 'சில்லுனு ஒரு காதல்' ஆயிற்று. 'இரோபோட்டு' என்று பேசப்பட்ட படம் 2010இல் 'எந்திரன்' என்று வெளிவந்தது. தமிழில் பெயரில்லை, தமிழில் சொல்லில்லை, தமிழ்ப் பெயர் விலைபோகாது என்று சொல்லிவந்தவர்கள் ஒரே நாளில் சொல் கண்டுபிடித்தார்கள். 'எந்திரன்' என்னும் பெயரை வாயாரச் சொல்லாத தமிழ்க் குழந்தை அன்று இல்லை.

2011இல் அவ்விலக்குக்கு வேறு நெறிகளும் சேர்க்கப்பட்டன. 2017 சூலை முதல் நாள் நாடு முழுதும் சரக்கு-பணி வரி வந்தபின், விலக்கின் பழைய பயன் போயிற்று. பயன் போனதும் பற்றும் போயிற்று. 'செயிலர்' (2023), 'குட் பேட் அக்லி' (2025), 'டிராகன்' (2025), 'டியூட்' (2025) என்று அணிவகுப்பு தொடங்கிற்று. ஆங்கிலம் தமிழிடமிருந்து கடன் வாங்கிப் பேசும் 'கூலி' என்னும் சொல் 2025இல் ஒரு படத்தின் பெயரானபோது, அதுவும் ஆங்கிலமென்றே எண்ணியவர் உண்டு. காசுக்காக வந்த தமிழ் காசோடு போய்விட்டது. சட்டம் கதவைத் திறக்கலாம்; உள்ளே குடியிருக்க உள்ளம் வேண்டும். அந்த உள்ளத்தை ஆக்க வேண்டியவர் திரைச்சுவைஞர். விலை கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்குபவர் அவர்தாம்.

இதில் மிகுதியாக நோகச் செய்வது ஒன்றுண்டு. 2025இல் ஒரு படம் வந்தது. ஈழத்திலிருந்து உயிர் பிழைக்கக் கடல் கடந்து இராமேசுவரத்தில் கரையேறிச் சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு குடும்பத்தின் கதை. ஈழத்தமிழைப் பேசினால் அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தமிழ்நாட்டில், தமிழர் நடுவில், தமிழர் தம் தமிழை மறைத்துப் பேச வேண்டிய நிலை! நகைச்சுவையாகச் சொல்லப்பட்டாலும் அக்கதையின் அடியில் ஓர் இனத்தின் அழுகை இருக்கிறது. மாந்த நேயம் மிக்க, நல்ல படம். அதன் பெயர் என்ன? 'டூரிசுட்டு பேமிலி'. தமிழை மறைக்க நேர்ந்தவர்களின் கதை தன் பெயரிலேயே தமிழை மறைத்துக்கொண்டது. அதற்கு முந்தைய ஆண்டு 'மெய்யழகன்' (2024) வந்தது. இரவெல்லாம் இருவர் பேசிக்கொண்டிருப்பதே கதை. தமிழின் சிறப்பு ழகரத்தைப் பெயரில் தாங்கிய அப்படத்தைப் பார்த்தவர் யாரும் பெயர் விளங்கவில்லை என்று எழுந்து போகவில்லை.

ஆவணப்படங்களுக்கு வருவோர் தொகை குறைவு. ஆனால் உண்மையின் நிறை அங்கேதான் மிகுதி. 1990இல் சலம் பென்னூர்க்கர் என்பார் கன்னட நாட்டிலிருந்து வந்து, சிவகாசிப் பகுதித் தீப்பெட்டி, வெடித் தொழிற்கூடங்களில் உழைத்த பிள்ளைகளைப் பற்றிக் 'குட்டி சப்பானின் குழந்தைகள்' என்னும் படத்தை எடுத்தார். விடியுமுன் வண்டியேறிய அப்பிள்ளைகளைத் தமிழகத்துப் படமுதலாளிகள் அறியாதவர்களா? அறிவார்கள். படம்பிடிக்க அயல்மொழியாளர் ஒருவர் வர வேண்டியிருந்தது.

1999 சூலை 23ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்க்காகத் திருநெல்வேலியில் ஊர்வலம் வந்தவர்கள் மீது காவல்துறையினர் தடியடி நடத்த, ஆற்றில் இறங்கியோடிய 17 பேர் மாண்டனர். அதனைப் பற்றிய ஆவணப்படத்தை ஆர். ஆர். சீனிவாசன் எடுத்தார். பெயர் 'நதியின் மரணம்'. இரண்டு சொல்லும் வடசொல். 'ஆற்றின் சாவு' என்றிருந்தால் அப்பெயரே நெஞ்சில் அறைந்திருக்கும். சாவு என்னும் சொல்லில் உள்ள இழப்பு மரணம் என்னும் சொல்லில் இல்லை. ஒப்பாரி வைக்கும் தாய் மரணம் என்று சொல்லி அழுவதில்லை. எனினும் அப்படம் செய்த பணி பெரிது. அஃது இல்லையேல் பொருநை நீர் அந்த நாளைக் கழுவிக் கொண்டுபோயிருக்கும்.

2017இல் திவ்வியபாரதி எடுத்த 'கக்கூசு', மலக்குழியில் இறங்கி மாண்டவர்களைப் பற்றியது. 1658இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல் அது என்பர். அச்சொல்லைத் தமிழினின்று விலக்குவது எளிது. அக்குழியில் குறிப்பிட்ட சாதி மாந்தரையே இறக்கும் வழக்கத்தை விலக்குவதே கடினம். சொல்லைத் துப்புரவு செய்பவர் அந்தத் துப்புரவையும் கேட்டுப் போராட வேண்டும் என்பதை அப்படம் உணர்த்துகிறது.

முதுமலையின் தெப்பக்காட்டில் யானைக் கன்றுகளை வளர்த்த பொம்மன், பெள்ளி இணையரைப் பற்றிக் கார்த்திகி கொன்சால்வசு இயக்கிய குறும் ஆவணப்படம் 2023 மார்ச்சுத் திங்களில் ஆசுகர் பரிசு பெற்றது. படத்தில் ஒலிப்பது தமிழ். யானையிடம் அவர்கள் கொஞ்சுவதும் தமிழ். உலகம் அதனைக் கேட்டு உருகியது. அதன் பெயரோ 'தி எலிபண்டு விசுபரர்சு'. அந்தப் பெள்ளியம்மையாரிடம் அவரைப் பற்றிய படத்தின் பெயரைத் தமிழில் சொல்லிக்காட்ட ஒரு சொற்றொடர் இல்லை. கூழாங்கல்லுக்கு ஆன முறை இதற்கும் ஆகியிருக்கலாமே! வெளியார்க்கு ஒரு பெயர், வீட்டார்க்கு ஒரு பெயர் வைப்பதில் என்ன இடர்?

மூன்றாவது வகை, ஓவியங்களுக்கு உயிரூட்டும் அசைவூட்டுப் படம். ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, உருவம் வெட்டி, வண்ணம் தீட்டி, வெண்துணிக்குப் பின்னே விளக்கேற்றி ஆட்டிய தோற்பாவைக் கூத்தைத் தென்தமிழ்நாட்டுச் சிற்றூர்கள் திரைப்படம் பிறப்பதற்கு முன்பே கண்டவை. துணியில் ஓவியம் நடப்பது தமிழர்க்குப் புதிதன்று. அத்தகைய நிலத்தில் இன்று அசைவூட்டுப் படத்தின் நிலை என்ன? தமிழின் முதல் முழுநீள முப்பருமானப் படமாகச் சொல்லப்படும் 'இனிமே நாங்கதான்' 2007இல் வந்தது. பாண்டிய வேந்தன் ஒருவன் பெயரைத் தாங்கிக் 'கோச்சடையான்' 2014இல் வந்தது. அதன்பின் சொல்லிக்கொள்ளத்தக்க தொடர்ச்சி இல்லை.

வெற்றிடம் வெற்றிடமாக இராது. 2025இல் 'மகாவதார் நரசிம்மா' என்னும் வடவர் தொன்மக் கதைப்படம் தமிழ்க் குரலேற்றி வந்தது. அதே ஆண்டு சப்பானியரின் 'டீமன் சிலேயர்' படமும் தமிழ்க் குரலோடு வந்தது. இளைஞர்கள் கூட்டங்கூட்டமாகப் போய்ப் பார்த்தனர். பார்த்தவர்களைக் குறை சொல்வது அறியாமை. ஏழு அகவைப் பிள்ளைக்குப் படம் வேண்டும். தமிழர் எடுத்துத் தராததை அயலார் எடுத்துத் தருகின்றனர். ஆனால் உதட்டசைவு ஒரு மொழியிலும் ஒலி வேறொரு மொழியிலும் இருக்கும் தமிழே அப்பிள்ளையின் கற்பனைத் தமிழாக வளர்கிறது என்பதை மறக்க வேண்டா. பிள்ளையின் கனவில் வரும் அரக்கனும் வீரனும் எந்த மண்ணைச் சேர்ந்தவர் என்பது சிறு செய்தியன்று.

கதைக்கா இங்கே பஞ்சம்? கோவிற்பட்டிக்கு அருகில் இடைசெவலில் பிறந்து, 2021இல் மறைந்து, அம்மண்ணிலேயே அடக்கமான கி. இராசநாராயணன், கரிசல் மக்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைத் தேடித் தேடித் தொகுத்தார். 1982இல் கரிசல் வட்டார வழக்குக்கு ஒரு சொல்லகராதியே செய்தார். ஏட்டில் ஏறாத தூய தமிழ்ச் சொற்கள் உழவர் நாவில் உள்ளன என்று கருதிய மொழிஞாயிறு பாவாணர் பிறந்ததும் பக்கத்துச் சங்கரன்கோவிலே. கி. இராவின் 'கிடை'யை அம்சன் குமார் 'ஒருத்தி' (2003) என்று படமாக்கினார். ஆனால் அவர் தொகுத்த பேய்க்கதையும் விலங்குக் கதையும் அசைவூட்டுப் படமாகாமல் நூலகத்தில் உறங்குகின்றன. மலையாளத்தார், ஒரு முதியவர் சொன்ன பேய்க்கதைகளையே ஓவியமாக்கிக் 'கண்டிட்டுண்டு' என்னும் குறும்படம் செய்து, 2021ஆம் ஆண்டுக்கான நாட்டு விருதைப் பெற்றனர். பேரரங்கும் பெரும்பணமும் இல்லாமல் அது முடிந்தது. முதியவரும் பேய்களும் பசுவந்தனையில் இல்லையா?

சப்பானிய இயக்குநர் அயாவோ மியாசாகி 2001இல் எடுத்த படமொன்று உலகெங்கும் புகழ் பெற்றது. சிகிரோ என்னும் சிறுமி பெற்றோரோடு அயல் உலகொன்றில் சிக்கிக்கொள்கிறாள். அங்குள்ள சூனியக்காரி அவளை வேலைக்கு வைத்துக்கொண்டு, அவள் பெயரின் எழுத்துகளைப் பறித்து, 'சென்' என்று வேறு பெயர் இடுகிறாள். தன் பெயரை அடியோடு மறந்துவிட்டால் அவள் வீடு திரும்ப முடியாது. அவளுக்கு உதவும் இளைஞன் ஒருவன் ஏற்கெனவே தன் பெயரை மறந்து அடிமையாகிவிட்டவன். அவன் உண்மையில் ஓர் ஆறு. அச்சிறுமி அந்த ஆற்றின் பெயரை நினைவுகூர்ந்து சொன்னதும் அவன் விடுதலை பெறுகிறான்.

ஒரு குழந்தைப் படத்தில் சப்பானியர் தம் பிள்ளைகளுக்குச் சொன்ன பாடம் அது. தமிழியக்கத்தார் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சொல்லிவருவதும் அதுவே. பிள்ளைக்கு ஓர் அயற்பெயர், கடைக்கு ஓர் அயற்பெயர், படத்துக்கு ஓர் அயற்பெயர் என்று பெயர்கள் ஒவ்வொன்றாகப் பறிபோகும்போது வலிப்பதில்லை. வீடு திரும்ப நினைக்கும் நாளில்தான் வழி மறந்தது தெரியும்.

அன்பர்களே! பசுவந்தனைத் திரைச்சுவைஞன் செய்யத்தக்கவை மூன்று. ஒன்று: நல்ல படத்தை நல்ல படமென்று பாராட்டி, அதன் பெயர் தமிழாக இல்லாவிடின் அதனையும் வாய்விட்டுச் சொல்வது, எழுத்தோட்டத்தில் தமிழ் எழுத்து இல்லாவிடின் ஏன் இல்லை என்று படமெடுத்தவர்க்கு அஞ்சலட்டையாயினும் எழுதிப் போடுவது. தன் ஊர்க்காரன் நடித்த படத்தில் அவன் பெயரை அவன் தாய் படிக்க முடிய வேண்டும். இரண்டு: திங்களுக்கு ஒருமுறை ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு வெண்துணி கட்டி, அரங்குக்கு வாராத ஆவணப்படங்களைக் காட்டுவது. அவ்வாறு காட்டும்போது எல்லாத் தெருவினரும் ஒரே தரையில் உட்கார வேண்டும். அது நடவாத ஊரில் படம் காட்டிப் பயனில்லை. மூன்று: ஊர் மூதாட்டியர் சொல்லும் கதைகளை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே பதிவு செய்து, வரையத் தெரிந்த பிள்ளைகள் கையில் கொடுப்பது. கைப்பேசியில் படம் பார்க்கத் தெரிந்த பிள்ளைக்கு அதே கைப்பேசியில் படம் ஆக்கவும் தெரியும்.

கட்டபொம்மன் படத்தில் தமிழ் இருந்தது, கரிசல் இல்லை. இன்றைய படங்களில் கரிசல் இருக்கிறது. பெயரில் தமிழ் நழுவுகிறது. மண்ணும் மொழியும் ஒன்றாகத் திரையில் நிற்கும் நாளைக் காண வேண்டும். அந்தத் திரையில் காட்டுப்பேச்சி தன் பெயரோடு வரட்டும். அவளைப் பார்க்கும் சிறுமி, அரங்கைவிட்டு வெளியே வந்து, தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதிக்காட்டட்டும்.

வாழ்க தமிழ்! ஒழிக சாதி! ஒன்றாகுக தமிழினம்!